யாருக்கும் சொந்தமில்லாத பாஷை

சேசு மரி சூசை

அம்பிட்டிய, கண்டி
1966 பெப்ரவரி 13

மகா சங்கைக்குரிய இன்னாசி சாமி அவர்களுக்கு, அண்ணன் சவரிமுத்து தோத்திரம் சொல்லி எழுதுவது.

சர்வேசுரனுடைய கிருபையால் அம்மாவும் தெரேசும் பிள்ளைகளும் நானும் சுகம். பனிக்காலத்தில் அம்மாவுக்கு மூட்டுவலி வந்து போகிறது. உரோமாபுரிக் குளிர் உங்கள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கச் சொல்கிறார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நான் கடையிலிருந்து திரும்பி வந்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு விளங்காது, விளக்குகிறேன். இந்த வருஷம் பிறந்ததிலிருந்து இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இனிச் சந்திரனைப் பார்த்து வரும் பௌத்தர்களின் போயா நாளுக்குத்தான் லீவு. அது ஒரு கிழமை புதனில் வரும், அடுத்த கிழமை வியாழனில் வரும். ஞாயிற்றுக்கிழமை எல்லா அரசாங்கக் கந்தோரும் திறந்திருக்கும், பள்ளிக்கூடமும் உண்டு. அறுபதாம் ஆண்டு நம் கோவில் பள்ளிக்கூடங்களை அரசாங்கத்துக்கு எடுத்தவர்கள் ஒரு கட்சி. ஆண்டவருடைய நாளை எடுத்தவர்கள் இன்னொரு கட்சி. வாக்குக்காக அடுத்தவன் பீடத்தில் கை வைப்பதில் இரண்டும் ஒன்றுதான்.

நான் கணக்கெழுதும் இரும்புக்கடையின் முதலாளி இராமகிருஷ்ணனை உங்களுக்குத் தெரியும், முருக பக்தர். அவரிடம் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன். "ஒங்க சாமி நாள்ல சாமி கும்பிடாம இங்க வந்து ஆணி நிறுக்கச் சொன்னா எனக்குத்தான் பாவம் சேரும், சவரி. பூசை முடிஞ்சு மெதுவா வாங்க" என்றார். திருநீறு பூசிய மனிதருக்கு இது விளங்குகிறது. நம்முடைய படித்த கத்தோலிக்கர் சிலர் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "நாளில் என்ன இருக்கிறது, காலத்துக்கேற்ப மாற வேண்டும்" என்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது, சாமி.

இன்னொன்று. நான் உபதேசியாராக இருக்கும் நம் சந்தியாகப்பர் கோவிலில் புதிதாக வந்த சிங்களக் குருவானவர், சின்னச்சாமி, பீடத்துக்கு முன்னால் ஒரு மேசையைப் போட்டு எங்களைப் பார்த்து நின்று பூசை வைக்கிறார். நீங்கள் குருப்பட்டம் பெற்று முதல் பூசை வைத்த பீடம் அவர் முதுகுக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது. இது உரோமாபுரியின் கட்டளைதானா? படிப்பு முடிந்து எப்போது வருவீர்கள் என்றும் எழுதுங்கள்.

உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும்,
சவரிமுத்து

•

உரோமை
1966 ஏப்ரல் 20

இயேசுவில் அன்பான அண்ணனுக்கு,

நான் நலம். இங்கே வசந்தம் வந்துவிட்டது, நெஞ்சுச்சளி போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீங்கள் எழுதியதை என் பேராசிரியருக்குச் சொன்னேன். அவரும் வருத்தப்பட்டார். ஆனால் மேசை விஷயத்தில் என்னால் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை. பாப்பரசர் கூட்டிய வத்திக்கான் சங்கம் முடிந்த நாளில் நான் இங்கே பெரிய சதுக்கத்தில் ஜனங்களோடு நின்றேன். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் சன்னலைத் திறந்தது போல இருந்தது. குருவானவர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, அவர்களுக்குத் தெரியாத பாஷையில் முணுமுணுக்கிற காலம் முடிந்துவிட்டது. இனி உங்கள் சொந்த மொழியில் கேட்பீர்கள், சொந்த மொழியில் பதில் சொல்வீர்கள். அம்மா அறுபது வருஷமாகப் பூசை காண்கிறார். "எத் கும் ஸ்பிரித்து தூவோ" என்று லத்தீனில் தவறாமல் பதில் சொல்வார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். என்னை "நீங்கள்", "சாமி" என்றெல்லாம் எழுதாதீர்கள். அம்பிட்டிய ஏற்றத்தில் என்னைத் தோளில் சுமந்துகொண்டு போன அண்ணன் நீங்கள். "நீ" என்று எழுதினால் போதும்.

அன்புடன்
இன்னாசி

•

சேசு மரி சூசை

அம்பிட்டிய
1966 யூலை 3

மகா சங்கைக்குரிய சாமிக்குத் தோத்திரம்.

எல்லோரும் சுகம். எங்கள் பெரியவனுக்கு அம்மை வந்து இறங்கிவிட்டது. உங்கள் சுகத்துக்காக அம்மா தினமும் செபமாலையில் ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்கிறார்கள்.

உங்களை "நீ" என்று எழுத மாட்டேன். நான் மரியாதை கொடுப்பது என் தோளில் ஏறிய பையனுக்கு அல்ல, குருப்பட்டத்தன்று உங்கள் கையில் பூசிய தைலத்துக்கு. அந்தக் கை உங்களுக்கே சொந்தமல்ல. அதை எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

அம்மாவிடம் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் சுளகைக் கீழே வைக்கவும் இல்லை. "அர்த்தம் எனக்கு எதுக்குடா? அவருக்குத் தெரியும்ல?" என்றார்கள். உங்கள் பேராசிரியருக்கு இதையும் சொல்லுங்கள்.

சொந்த மொழி என்று எழுதியிருந்தீர்கள். யாருடைய சொந்த மொழி, சாமி? சந்தியாகப்பர் கோவிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சிங்களவர்கள், பாதிப்பேர் மலைத்தோட்டத்திலிருந்து இறங்கி வரும் நம் ஜனங்கள். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்து ஊரெல்லாம் பாஷைச் சண்டை நடந்தபோது எங்கள் கோவிலுக்குள் அது நுழையவில்லை. ஏனென்றால் உள்ளே பேசப்பட்டது யாருக்கும் சொந்தமில்லாத பாஷை. அதனால் அது எல்லோருக்கும் சொந்தமாக இருந்தது. ஒரே வாங்குப் பலகையில் அப்புஹாமியும் அந்தோனியும் முழங்காலில் நின்று ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். இருவருக்கும் விளங்கவில்லை, ஆகவே ஒருவனுக்கு மற்றவன் எளியவனாக இருக்கவில்லை.

இப்போது காலை ஆறு மணிப் பூசை சிங்களத்தில். சின்னச்சாமிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இரண்டு கிழமைக்கொரு தரம் கண்டியிலிருந்து ஒருவர் வந்து தமிழில் வைக்கிறார். ஆக, ஒரே ஆண்டவருக்கு முன்னால் இரண்டு கூட்டமாகிவிட்டோம். அந்தத் தமிழையாவது நாங்கள் அறிந்த தமிழாக விட்டார்களா? சர்வேசுரன் போய்விட்டார், சேசுநாதர் போய்விட்டார், பூசை என்ற சொல்லும் போகிறதாம். பிள்ளைக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டு வளர்த்த பிறகு, நாற்பதாம் வயதில் அவன் பெயர் வேறு என்று சொன்னால் தாய் எப்படிக் கூப்பிடுவாள்?

அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமையை எடுத்தது. அது அந்நியன் செய்தது, தாங்கிக்கொண்டோம். பூசையை எடுத்தவர்கள் நம்மவர்கள்.

ஆசீர்வாதம் வேண்டும்,
சவரிமுத்து

•

உரோமை
1966 நவம்பர் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். பெரியவன் தேறியதில் மகிழ்ச்சி. பதில் தாமதித்ததற்கு மன்னியுங்கள்.

பாஷையைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து பழைய பூட்டைத் திரும்பவும் போடுவது அல்ல. பங்குச் சபை அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள், தெரியுமல்லவா? அதில் சேருங்கள். உங்கள் ஜனங்களின் தேவையை எடுத்துச் சொல்லுங்கள். மேலிருந்து கட்டளை வரும், கீழே கீழ்ப்படிவோம் என்ற காலம் போய்விட்டது. ஒவ்வொரு மனிதனுக்கும் மனச்சாட்சி உண்டு, அதன் குரலை அடக்க எந்த அதிகாரத்துக்கும் உரிமையில்லை என்று இங்கே இப்போது வெளிப்படையாகப் பேசுகிறார்கள். என்னோடு படிக்கும் எலிசபெத் என்ற ஜெர்மன் தோழி ஒருநாள் கேட்டார்: "நீங்கள் கீழ்ப்படிகிறீர்கள், சரி, நீங்கள் எப்போதாவது எதையாவது தெரிவு செய்திருக்கிறீர்களா?" அந்தக் கேள்வியோடு அன்றிரவு வெகுதூரம் நடந்தேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

இன்னாசி

•

சேசு மரி சூசை

அம்பிட்டிய
1967 மார்ச் 19, குருத்து ஞாயிறு

மகா சங்கைக்குரிய சாமிக்குத் தோத்திரம்.

நாங்கள் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி கூடிவிட்டது. கோவில் படி ஏறுவது சிரமம்; ஆனாலும் விடுவதில்லை.

மனச்சாட்சி என்று எழுதியிருந்தீர்கள். அது நல்ல சொல்தான். ஆனால் ஒவ்வொருவனும் தன் மனச்சாட்சிக்குத் தானே பாப்பரசர் என்றால், பாவசங்கீர்த்தனத் தொட்டியை விறகுக்கு உடைக்கலாம். எங்கள் கடைக்குக் கடன் கேட்டு வருகிறவன்கூட மனச்சாட்சியின் பெயரால்தான் கேட்கிறான்.

நீங்கள் சொன்னபடி பங்குச் சபைக்குப் போனேன். நடந்ததை எழுதுகிறேன். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தோட்டத்து ஜனங்கள் தேயிலைக் கொழுந்து மலையில் நிற்கும் நேரம். வந்த நாலைந்து தமிழருக்கும் சிங்களத்தில் நடந்தது பாதி விளங்கவில்லை. தமிழ்ப் பூசையை இரண்டு கிழமைக்கு ஒன்றிலிருந்து மாதத்துக்கு ஒன்றாக்குவதா என்று கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் எழுந்தேன்.

"சாமி, ஓட்டெடுத்துப் பூசை வைக்கிற வழக்கம் எப்ப வந்துச்சு?"

சின்னச்சாமி சிரித்துக்கொண்டே, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "சவரி அண்ணன், எல்லாருக்கும் என்ன விருப்பம் என்று தெரியணும் தானே?"

"என் விருப்பத்தக் கேக்குறதுக்கு இது என்ன ஹோட்டலா? கோவிலுக்கு நான் விரும்புனதுக்கா வர்றேன்? வரணும்னு இருக்கு, வர்றேன்."

"அண்ணன், கோபம் வேணாம். கூட்டம் சொல்றதை நானும் கேட்கணும்."

"கூட்டத்துக்கு வரமுடியாம மலையில நிக்கிறவங்க சொல்றத யாரு கேப்பா?"

கைகளை எண்ணினார்கள். நாங்கள் தோற்றோம். சின்னச்சாமி நல்லவர், அதைச் சொல்லாமல் விட்டால் பொய். ஆனால் முன்பு கண்டிக் கோவில்களை எல்லாம் ஆளுகிற மேற்றிராணியார் ஒருவர் நினைத்தால் ஏழைக்கு நியாயம் கிடைக்கும். இப்போது கூட்டம் நினைக்க வேண்டும். கூட்டத்துக்கு முகமில்லை, யார் காலில் போய் விழுவது? பிறகு வேறு சில காரியங்களும் பேசப்பட்டன. அவற்றை எழுதிப் பிரயோசனமில்லை.

டிசெம்பரில் நத்தாருக்கு வந்த உங்கள் வாழ்த்து அட்டையில் கொலோன் என்ற ஊரின் முத்திரை இருந்தது. அங்கே எந்தக் குருமனையில் தங்கியிருந்தீர்கள்? அம்மாவின் வலி தீர ஒரு பூசை ஒப்புக்கொடுத்து, எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். அதே நாளில் இங்கே அம்மாவும் செபமாலை சொல்ல வேண்டுமாம்.

சவரிமுத்து

•

கொலோன்
1967 செப்டெம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. படிப்பைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்திருக்கிறேன். இங்கே ஒரு நூலகத்தில் கீழைத்தேச நூல்களை ஒழுங்குபடுத்தும் வேலை கிடைத்திருக்கிறது. அமைதியான இடம். மேலே உள்ள விலாசத்துக்கே எழுதுங்கள்.

அம்மாவின் மூட்டுவலிக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். காலையும் மாலையும் தேய்க்கச் சொல்லுங்கள். நல்ல மருந்து, இங்கே எல்லோரும் பாவிக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. தெரேஸ் அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இன்னாசி

•

சேசு மரி சூசை

அம்பிட்டிய
1967 டிசெம்பர் 10

மகா சங்கைக்குரிய சாமிக்குத் தோத்திரம்.

தந்தியில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன். அம்மா கடைசி வரை நல்ல நினைவோடு இருந்தார்கள். நெஞ்சுவலி என்று படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. சாகுமுன் அவஸ்தைப்பூசுதல் கிடைத்தது. உங்கள் தைலம் வந்த நாளில் போத்தலைக் கையில் வாங்கி, "தேதி எழுதியிருக்காரா?" என்று கேட்டார்கள். எந்தத் தேதி என்று உங்களுக்குத் தெரியும். கடிதத்தை நான் திரும்பவும் வாசித்துக் காட்டினேன். "மறந்திருப்பாரு, வேலை சாஸ்தி" என்று சொல்லிவிட்டார்கள்.

அடக்கம் மறுநாள். தமிழ் தெரிந்த குருவானவர் ஒருவரும் கிடைக்கவில்லை. எல்லோரும் தியானத்துக்கு வெளியூர் போயிருந்தார்கள். ஆகவே சின்னச்சாமிதான் வைத்தார், சிங்களத்தில். சனங்களுக்கு விளங்க வேண்டும் என்றுதானே, சாமி, இவ்வளவும் செய்தீர்கள்? பெட்டிக்குள் கிடந்தவருக்கு அந்தப் பாஷையில் கடையில் உப்பு வாங்கத் தெரியும், அவ்வளவுதான். அவரைச் சுற்றி நின்ற கிழவிகளுக்கும் அப்படியே. "ஆண்டவர் உங்களோடு" என்று சின்னச்சாமி சிங்களத்தில் சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை. தெரியாது. அவர் கையை விரித்தபடி காத்து நின்றார். என் தாயுடைய சவத்துக்கு முன்னால் கோவில் ஊமையாகிவிட்டது.

எனக்கு என்ன வந்ததோ. "எத் கும் ஸ்பிரித்து தூவோ!" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும், பாடவில்லை. பின்னாலிருந்து கிழவி செபஸ்தியம்மாவின் குரல் வந்தது, பிறகு ஒவ்வொருத்தியாக. சிங்களப் பக்கத்து வாங்கிலிருந்து அப்புஹாமியும் அதையே சொன்னான்.

சின்னச்சாமி புத்தகத்தில் குனிந்து தொடர்ந்து வாசித்தார். அடுத்த இடம் வந்தபோது நிமிர்ந்து, எங்களைப் பார்த்து, அதே வாழ்த்தை லத்தீனில் "தோமினுஸ் வோபிஸ்கும்" என்றார். அதற்குப் பிறகு கடைசிவரை அப்படியே நடந்தது. சேமக்காலையில் மண் போட்ட பிறகு என் கையைப் பிடித்து, "மாப் பண்ணுங்க, அண்ணன்" என்றார்.

நல்ல மனசு. ஆனால் நல்ல மனசு உள்ளவர்கள்தான் இதையெல்லாம் இடித்தார்கள். கெட்டவன் இடிக்க வந்திருந்தால் எதிர்த்து நின்றிருப்போம்.

கொலோனிலிருந்து வர எவ்வளவு செலவாகும் என்று எனக்குத் தெரியும். வரவில்லை என்று குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் தந்தியில் மூன்று சொல். அதில் ஒரு செபமாவது இருந்திருக்கலாம். பாப்பரசர் காலடியில் படித்த பிள்ளை தன் தாயின் ஆத்துமத்துக்காக ஒரு பூசை வைத்தேன் என்று எழுதவில்லை. ஏன்?

சவரிமுத்து

•

அம்பிட்டிய
1968 பெப்ரவரி 4

அன்பும் மரியாதையும் உள்ள சாமிக்கு அண்ணி தெரேஸ் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் சத்தம் போடுவார், போடட்டும்.

போன வருஷம் பங்குச் சபைக் கூட்டத்தில் அவரை உபதேசியார் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புதிய முறை தெரிந்த வாலிபர்கள் வேண்டுமாம். அவர் உங்களுக்கு எழுதவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. கடைசி வரை அம்மா, "என் மூத்தவன் கோவிலைப் பாத்துக்கிறான், சின்னவன் உரோமாபுரியில பாத்துக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போதும் பூசைக்குப் போகிறார். கடைசி வாங்கில் இருந்துவிட்டு வருகிறார். வீட்டில் எதற்கெடுத்தாலும் கோபம். காலையில் பேப்பரைத் திறந்தால் அரசாங்கத்தை ஏசுகிறார், மூடினால் சங்கத்தை ஏசுகிறார். ஆனால் உங்களை மட்டும் யாராவது ஒரு சொல் சொல்ல விடமாட்டார். "எல்லாத்துக்கும் எங்க சாமி வந்து பதில் சொல்லுவாரு" என்கிறார்.

இனி என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் கடிதம் ஒன்றில் ஒரு ஜெர்மன் பிள்ளையைப் பற்றி இருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் அந்தப் பிள்ளை இல்லை. பிறகு நீங்கள் அந்தப் பிள்ளையின் தேசத்துக்கே போய்விட்டீர்கள். பூசை என்ற சொல்லும் உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் ஆண்பிள்ளை, ஒவ்வொரு வரியாக வாசித்து மறுப்பு எழுதுவார், எழுதாததைப் பார்க்க மாட்டார். நான் பிழையாக நினைத்திருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். சரியாக நினைத்திருந்தால் அவருக்கு நீங்களே எழுதுங்கள். வேறு யாராவது வந்து கோவில் வாசலில் வைத்துச் சொன்னால் அவர் தாங்க மாட்டார்.

தெரேஸ்

•

கொலோன்
1968 ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்குச் சுகம். மற்றதை இத்தனை நாள் மறைத்தேன்.

நான் குருத்துவத்தை விட்டுவிட்டேன். சொல்லாமல் ஓடவில்லை. பாப்பரசருக்கு விண்ணப்பம் எழுதி, ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். அனுமதி வந்தது. சென்ற மாதம் எலிசபெத்தை மணந்தேன். ஒரு கோவிலின் பின்னறையில், இரண்டு சாட்சிகளோடு, மணியோசை இல்லாமல்.

அம்மா தேதி கேட்டபோது நான் பூசை வைப்பதை நிறுத்தியிருந்தேன். ஏதோ ஒரு தேதியை எழுதியிருக்கலாம்; அம்மா சந்தோஷமாகச் செபமாலை சொல்லியிருப்பார். அந்தப் பொய்யை எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. தைலத்தை அனுப்பினேன்.

நீங்கள் நினைப்பதுபோல ஒரு பெண்ணுக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. பதின்மூன்று வயதில் என்னைக் குருமடத்தில் சேர்த்தார்கள். வாசலில் நீங்கள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அனுமதிப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: என்னைக் குருவாக அறிந்த ஜனங்கள் இருக்கும் ஊரில் நான் வசிக்கக் கூடாது. ஆகவே அம்பிட்டிய இனி எனக்கு இல்லை. அம்மாவின் கல்லறையை நான் பார்க்கப் போவதில்லை.

நீங்கள் என்னை ஏசி எழுதுவீர்கள். எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இன்னாசி

•

அம்பிட்டிய
1968 மே 1

இன்னாசிக்கு,

நீ கேட்டபடியே "நீ" என்று எழுதுகிறேன். சந்தோஷமா?

திரும்பிப் பார்க்காமல் போனேனாம். திரும்பிப் பார்த்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன், மடையா. அதற்காகத்தான் பார்க்கவில்லை.

பாப்பரசர் அனுமதி கொடுத்தாராம். கொடுத்திருக்கக் கூடாது. நானும் கல்யாணமான நாள் முதல் எத்தனையோ காலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்று எழுந்திருக்கிறேன். எனக்கு அனுமதி தர யாரும் இல்லை, அதனால் இரும்புக்கடைக்குப் போனேன். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். மனம் மாறுகிற நாளில் கட்டிப் பிடிப்பதற்குத்தான் வாக்கு. மனம் மாறாதவனுக்கு வாக்கு எதற்கு? இந்தக் காலத்தில் நாளை மாற்றலாம், பாஷையை மாற்றலாம், பீடத்தை மாற்றலாம், குருவே தன்னை மாற்றிக்கொள்ளலாம். மாறாதது ஒன்றாவது இருக்கிறதா உங்களிடம்?

எழுத வேண்டாம்.

சவரிமுத்து

•

சேசு மரி சூசை

அம்பிட்டிய
1969 ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பி இன்னாசிக்கு,

சர்வேசுரனுடைய கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் போடவில்லை. போடக் கூடாது என்றுதான் இருந்தேன்.

பழைய உபதேசியார் என்ற முறையில் தோட்டத்து ஜனங்களிடம் கைநாட்டு வாங்கி மேற்றிராணியாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தேன். அதன் பலனாக, ஓய்வுபெற்ற வயதான குருவானவர், பெரியசாமி ஒருவர், இப்போது ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் வந்து தமிழில் பூசை வைக்கிறார். காது மந்தம். தமிழ் மட்டும் நல்ல தமிழ், நம்முடைய பழைய தமிழ். சின்னச்சாமியும் இரவு நேரத்தில் என் வீட்டுக்கு வந்து தமிழ் வாசிக்கப் பழகுகிறார். ழகரம் வரவில்லை, அவருக்கும் கோபம் வருகிறது, எனக்கும் கோபம் வருகிறது.

போன மாதம் சந்தியாகப்பர் திருநாள். சப்பரம் சுற்றி முடிந்து எல்லோரும் முற்றத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். வழக்கம்போலச் செபஸ்தியம்மா கேட்டது. "நம்ம இன்னாசி சாமி எப்ப வர்றாரு?" இவ்வளவு காலமும் "படிப்பு முடியல" என்று சொல்லி வந்தேன். அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை. பொய்யை உள்ளே வைத்துக்கொண்டு உலகம் கெட்டுப்போய்விட்டது என்று ஊருக்கெல்லாம் நியாயம் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "எந் தம்பி பட்டத்தை விட்டுட்டான். கல்யாணம் முடிச்சிட்டான். இனி அவன் சாமி இல்ல. யாரும் அவனைச் சாமின்னு கேக்க வேணாம்."

எல்லோரும் கஞ்சிக் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்தக் கிழவி மட்டும் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உசிரோட இருக்காருல்ல?" என்றது.

"இருக்கான்."

"பொறகென்ன? வந்து ஆத்தா குழியில ஒரு மெழுகுதிரி வக்கச் சொல்லு. அதுக்குப் பட்டம் வேணுமா?"

நான் வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ செய்தது சரி என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சாகும்போதும் சொல்ல மாட்டேன். அதை எதிர்பார்த்து வராதே. கோவிலில் பீடத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. என்னோடு கடைசி வாங்கில் இருக்க வேண்டும்.

நிபந்தனையைப் பற்றிப் பெரியசாமியிடம் காதுக்குள் கத்திக் கேட்டேன். வசிக்கக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது? மூன்று கிழமை வந்து தங்கிவிட்டுப் போவது வசிப்பது ஆகாது. சட்டம் சட்டம்தான், அதில் உள்ள சொல்லுக்கு மேலே ஒரு சொல்லை நாமாகச் சேர்க்கக் கூடாது. பெரியசாமியும் அப்படித்தான் சொல்கிறார். ஆகவே இடமில்லை என்று நீ எழுதியது பிழை. படித்தவன் பத்திரத்தைச் சரியாக வாசிக்க வேண்டும்.

தையில் குளிர் சாஸ்தி, ஆனால் மழை குறைவு. வருவதானால் அப்போது வரலாம். அறையைத் தெரேஸ் வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டாள், என்னைக் கேட்காமல். உன் மனைவிக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளுமா, சோறு சாப்பிடுவாளா என்றும் அவள் கேட்கச் சொல்கிறாள். எனக்கு அதைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை. ஆனால் உடனே பதில் எழுது.

உன் அண்ணன்
சவரிமுத்து